காய்ந்த கரி

1

ஜெர்மனிக்கு வந்து இன்றோடு நான்கு வருடம். இந்த நாளை எப்படிக் கழிப்பது என்று போன வாரமே முடிவு செய்து வைத்திருந்தேன். சொந்தக் காரில் ஏறி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் போக வேண்டும். திங்கட்கிழமை நான் வேலைக்குச் சேரப்போகும் பம்பு ஆலையின் வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும். ஒரு படம் எடுத்து ஊருக்கு, பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்துக்கு, அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

நடந்தது வேறு. காலை ஒன்பது மணிக்கு வாகனச் சோதனைக் கூடத்தில் ஒருவர் என் வண்டியின் புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியை நுழைத்தார். திரையைப் பார்த்தார். வெளியே எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தார். பிறகு வண்டியை மேலே தூக்கி, அடியில் போய் நின்று, ஒரு உருளையை ஸ்பானரால் தட்டினார். காலி டிரம்மைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"இங்கே வாருங்கள். இந்த வெல்டிங் தழும்பு தெரிகிறதா?"

தெரிந்தது.

"கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி இதற்குள் இருக்க வேண்டும். குடைந்து எடுத்துவிட்டு மூடி ஒட்டியிருக்கிறார்கள். இந்த வண்டியைப் பதிவு செய்ய முடியாது."

"புது வடிகட்டி போட்டால்?"

அவர் ஒரு தொகை சொன்னார். நான் வண்டி வாங்கியதே அதைவிடக் குறைவு, கையிலிருந்த பணமெல்லாம் அதோடு தீர்ந்துவிட்டது. முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும், மெதுவாகக் கேட்டார்: "வாங்கும்போது புகைக்குழாயைப் பார்க்கவில்லையா?"

பார்த்தேன். அதுதான் கொடுமை. பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

ஒரு கார் போனால் போகிறது என்று ஊரில் இதைப் படிப்பவர்கள் நினைக்கலாம். போனால் போகாது. இங்கே படிப்பு முடித்த வெளிநாட்டுக்காரருக்கு வேலை தேட ஒன்றரை வருடம் தருகிறார்கள். என்னுடையதில் ஐந்து வாரம் பாக்கி. அதற்குள் வேலையில் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எண்ணுவதையே நிறுத்திவிட்ட விண்ணப்பங்களுக்குப் பிறகு ஒரே ஓர் இடத்தில் சரி என்றார்கள். அது மலைப்பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். முதல் பஸ் போய்ச் சேருவது ஏழே முக்காலுக்கு. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: சொந்த வாகனம் அவசியம்.

2

சின்ன பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று என்கூடப் படித்தவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வாங்கியிருக்கலாம். நான்தான் கேட்கவில்லை.

பழவேற்காட்டு மீன் ஏலக்கூடத்துக்கு இறால் வியாபாரி ஒருவர் வருவார். சின்ன வயதில் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை, அவருடைய வண்டியைத்தான் பார்ப்போம். நீளமான கறுப்புக் கார். ஐஸ் கரைந்து ஓடுகிற தண்ணீரில் சக்கரத்தை நனைத்துக்கொண்டு நிற்கும். டிரைவர் இன்ஜினை அணைக்க மாட்டார், உள்ளே ஏசி ஓட வேண்டுமே. மற்ற பிள்ளைகள் கண்ணாடியில் பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்துக்கொள்வார்கள். நான் முன்பக்கம் குனிந்து சத்தத்தைக் கேட்பேன். எங்கள் படகில் இருப்பதும் டீசல் இன்ஜின், இதுவும் டீசல். ஆனால் எங்களுடையது ஊரையே கூப்பிட்டுச் சண்டை போடும். இது வாயை மூடிக்கொண்டு தனக்குள் முனகும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இயந்திரவியல் படித்தேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்காது. பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூருக்குப் பஸ், அங்கிருந்து ரயில், நான்கு வருடம் அப்படிப் போய்த்தான் படித்தேன்.

இங்கே வந்து பார்த்தால் அதே நீள மூக்கு வண்டிகளைத் தள்ளிவிட ஆள் தேடுகிறார்கள். பெரிய நகரங்களில் பழைய டீசலுக்குக் கெடுபிடி. அதிகாரிகளும் கம்பெனி மேலாளர்களும் பத்து வருடம் ஓட்டிவிட்டு மின்சார வண்டிக்குத் தாவிவிட்டார்கள். ஆறு சிலிண்டர், தோல் இருக்கை, மரப்பலகை பதித்த முகப்பு. எல்லாம் ஒரு பழைய சின்னக் காரின் விலைக்கு. விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. கேவலமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அந்த வண்டியில் ஏறுவதற்குள் பட்டது தனிக் கதை. ஊர் லைசென்ஸ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். மறுபடி எழுத்துத் தேர்வு, மறுபடி ஓட்டும் தேர்வு. ஓட்டும் தேர்வில் ஒரு முறை தோற்றேன். யாருமில்லாத தெருமுனையில் ஊர்ப் பழக்கத்தில் ஹாரன் அடித்தேன். பரீட்சை அதிகாரி திடுக்கிட்டு, "யாரைத் திட்டுகிறீர்கள்?" என்றார். இன்னொரு முறை லைசென்ஸ் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாவை அவசரத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டேன். ஜெர்மன் மொழியில் நம்மைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. கோட்டைக்குப்பத்தில் பெற்ற தகப்பனையே நீ என்றுதான் கூப்பிடுவோம். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் காகிதம் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது.

3

இப்போது, அந்தப் புகைக்குழாயைப் பார்த்த விரலுக்கு வருகிறேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நைனா, என் அப்பா, பழைய படகு இன்ஜின் வாங்கச் சென்னைக் காசிமேட்டுக்குப் போனார். பள்ளிக்கு லீவு, நானும் ஒட்டிக்கொண்டேன். வரிசையாக இன்ஜின்களை வைத்திருந்தார்கள். நைனா ஒவ்வொன்றின் சைலன்சருக்குள்ளும் சுட்டுவிரலை விட்டுத் துழாவி எடுத்துப் பார்த்தார். விரலில் ஈரக்கரி வந்தால், "எண்ணெய் குடிக்கிது, வாணாம்." கரியே வரவில்லையென்றால் இன்னும் மோசம். "நேத்து ராத்திரி தொடச்சி வச்சிகிறான், கில்லாடி." கடைசியில் ஒன்றில் மாவு மாதிரிக் காய்ந்த கரி வந்தது. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார், உதிர்ந்தது. "இது டீசல மட்டும் குடிக்கிது" என்றார். மிச்சக் கரியை, விற்பவனின் தோளில் தட்டுவதுபோல் தட்டி அவன் சட்டையிலேயே துடைத்துவிட்டு விலை பேசினார். அந்த இன்ஜின் பதினோரு வருடமாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன சனிக்கிழமை இரண்டு வண்டி பார்த்தேன். முதல் வண்டி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையுடையது. பத்து வருடத்துச் சர்வீஸ் காகிதங்களைக் கோப்பு போட்டு வைத்திருந்தார். நான் நைனாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, காரா அது? வூடு மாதிரி கீது."

"நல்லாருக்கா?"

"கலரப் பாத்து இன்னா சொல்றது. குழாயில விரலப் போடு."

போட்டேன். வெளியே எடுத்துக் காட்டினேன். விரல் போனபடியே வந்தது, பால் மாதிரி சுத்தம்.

நைனா சிரித்தார். "வாத்தியாரம்மாவா? பலகைய அழிக்கிற மாரி அழிச்சி வச்சிகிறா. வுடு."

பக்கத்திலிருந்து அம்மா, "பொம்பள எதுக்குப்பா பொய் சொல்லப் போறா" என்றது கேட்டது. "நீ சும்மா கெட" என்றார். நானும் சிரித்தேன். அந்த ஆசிரியை நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல், மரியாதைக்குத் தானும் சிரித்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது டீட்டர் என்பவருடைய வண்டி. ஊருக்கு வெளியே பழைய களம் ஒன்றில் நான்கைந்து கார்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிற மனிதர், வியாபாரி இல்லை, இதில் பைத்தியம். சாம்பல் நிற வண்டி. சாவியைத் திருப்பியதும் அதே முனகல். மறுபடி நைனாவை வீடியோவில் கூப்பிட்டிருந்தேன், அவருக்கும் அது கேட்டிருக்கும். இன்ஜின் அணைந்து குழாய் ஆறியதும் விரலை விட்டேன். மாவு. கன்னங்கரேல் என்று, காய்ந்த மாவு. தேய்த்தேன், உதிர்ந்தது. கேமராவுக்கு நேராக விரலை நீட்டினேன்.

"காஞ்ச கரி நைனா."

"கிட்டக் காட்டு." சிறிது நேரம் பார்த்தார். "வாங்கிடு. இதுக்கு மேல இன்னா வேணும்."

டீட்டர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் ஏதோ புரிந்தவர்போலத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

முதுகலைப் படிப்பின் இரண்டாம் பருவத்தில் அந்த வடிகட்டியின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கரி எங்கே படியும், எத்தனை சூட்டில் எரியும், குழாயின் நுனி ஏன் சுத்தமாக இருக்கும், எல்லாம் எழுதினேன். பரீட்சை அறையில் இருந்த அறிவு களத்தில் வரவில்லை. அங்கே முதலில் போனது விரல். விரலுக்குக் காசிமேடுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டேன். சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக ஐந்து நாள் தற்காலிக எண்பலகை வாங்கினேன். வியாழக்கிழமை, அதாவது இன்று, தோற்றது.

4

சோதனைக் கூடத்திலிருந்து நேரே டீட்டரிடம் போனேன். வழியெல்லாம் திட்டுவதற்கு ஜெர்மன் வாக்கியங்களை ஜோடித்துக்கொண்டே ஓட்டினேன். வண்டி அவ்வளவு அழகாக ஓடியது, அதுவே எரிச்சலாக இருந்தது.

காகிதத்தை நீட்டினேன். படித்தார். அதிர்ச்சியடைந்தார் என்று எழுத ஆசைதான். அடையவில்லை. குழம்பினார்.

"வடிகட்டி இல்லை என்றுதான் உங்களுக்குத் தெரியுமே?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள் விரலை உள்ளே விட்டீர்கள். கரி வந்தது. அதைப் போனில் யாருக்கோ காட்டினீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்." அவர் தன் சுட்டுவிரலை உயர்த்திக் காட்டினார். "இங்கே குழாயில் கரி வந்தால் வடிகட்டி இல்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சில பேர் அப்படிப்பட்ட வண்டியைத்தான் தேடி வருவார்கள், இன்ஜின் சுதந்திரமாக மூச்சு விடும் என்று. இந்தப் பெண் விஷயம் தெரிந்தவள், வேறு வடிகட்டி வைத்திருப்பாள், போட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன். நீங்கள் இயந்திரப் பொறியாளர் என்று சொன்னீர்கள்."

சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

"நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீங்கள் கேட்டிருக்கலாம்." பிறகு அவரே வருத்தப்பட்டு, "காப்பி?" என்றார்.

வண்டியைப் பார்த்து, இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொண்டேன் என்று ஒப்பந்தத்தில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழக்குப் போடலாம். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். எனக்கு இருப்பது வாரக்கணக்கு. அதைவிட, நீதிபதி என்னிடம் கேட்பார்: புகைக்குழாயைப் பார்த்தீர்களா?

வண்டியைத் தன் களத்திலேயே விட்டுவைக்கலாம், வாடகை வேண்டாம் என்றார் டீட்டர். யாராவது உதிரிப் பாகத்துக்கு வந்தால் தகவல் சொல்வதாகவும் சொன்னார். சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். ஒரு மணி நேர நடை. பாதி தூரத்தில் அழுகை வந்தது. யாரும் எதிரில் வராத சாலை, அந்த ஒரு சௌகரியம் இந்த நாட்டில் உண்டு.

5

"ஊருக்கே வந்துடேன், இங்க இல்லாத சோறா" என்று அம்மா எப்போதும் சொல்வாள். சோறு இருக்கிறது. எனக்கு இடம்தான் இல்லை.

எங்கள் ஏரியில் இறால் வலை போடுவதற்குப் பாடு என்று முறை உண்டு. எந்த நாளில் எந்தத் துறையில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். தன் முறை வராத நாளில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கரையில்தான் உட்கார வேண்டும். பசித்தாலும் அடுத்தவன் முறையில் இறங்க மாட்டார்கள். நியாயமான ஏற்பாடு, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சீட்டில் ஆண்களின் பெயர்தான் இருக்கும். நான் ஒரே பிள்ளை. நைனாவின் முறை நைனாவோடு முடிந்துவிடும். படிக்க வைத்ததே அதனால்தான். "உனக்கு ஏரியில பாடு கெடையாதும்மா, வேற எங்கனா பாத்துக்க" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன். இந்த ஊர் அலுவலகங்களில் நாள் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும்போது கூடப் படித்தவர்கள் எல்லோரும் கொதிப்பார்கள். நான் கொதித்ததில்லை. முறை வரும், உட்கார்ந்திருப்போம் என்று இருப்பேன்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயம் வந்திருக்கிறது. முறை வந்து, நானே அதைத் தவற விட்டுவிட்டேன்.

6

நைனாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பதிவு அலுவலகத்தில் நாள் கிடைக்கவில்லை என்று ஒரு பொய் தயாராக இருந்தது. போனை எடுத்ததும் அவர், "படகு கட்ற மேஸ்திரி கேக்கறாரு, ஜெர்மனில காரு எடுத்தியாமே உன் பொண்ணுக்குன்னு. நான்தான் பாத்து எடுத்துக் குடுத்தேன்னு சொல்லிகினு கீறேன்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பொய் வரவில்லை.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். வடிகட்டி, வெல்டிங் தழும்பு, டீட்டர் சொன்னது. அவர் எழுந்து அந்தக் கூட்டத்தைவிட்டு நடப்பது கேட்டது.

"அப்போ அந்த ஊர்ல கரியே வரக் கூடாதா?"

"வரக் கூடாது நைனா."

"வாத்தியாரம்மா வண்டிதான் சரியான வண்டியா?"

"ஆமா."

"கரி வராத இன்ஜினை எப்டித்தான் பாத்து வாங்கறது?"

"பேப்பரப் பாத்து."

நான் அவருடைய சமாதானத்துக்காகக் காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வுடும்மா, போனாப் போவுது என்று ஏதாவது.

"பேப்பரு படிக்கத்தானே உன்ன அனுப்புனோம்" என்றார். "நான் படகுக்காரன், கரியத்தான் பாப்பேன். நீ ஏன் பாத்த?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். நான்கு வருடத்தில் இவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டேன், என் பேச்சு மாறிவிட்டது, சாப்பாடு மாறிவிட்டது என்று அம்மா குறைபட்டுக்கொண்டே இருக்கிறாள். எதில் மாற வேண்டுமோ அதில் மாறவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

"இப்ப இன்னா பண்ணப் போற?" என்றார்.

"ஆலையில பேசிப் பாக்கணும்."

"பேசு. இன்னைக்கே பேசு. பொய் சொல்லாத, மாட்டிக்குவ." வைக்கும்போது சொன்னார்: "பேஜாராப் பூட்ச்சி, வெரலால."

7

ஆலையில் என் பிரிவுக்குப் பொறுப்பு பிரிகிட்டே என்கிற அம்மாள். நேர்காணலில் ஒரு முறை பார்த்ததுதான். மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டேன். கார் இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்று கேட்டார். விரலில் ஆரம்பித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. என் ஜெர்மன் பாதியில் நொண்டியது. சைலன்சருக்குள் விரல் விடுவதை விளக்கக் கை ஜாடை காட்டினேன், போனில் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. "பம்பில் கசிவு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டார்.

"அழுத்தமானியை வைத்து." பிறகு, எதற்கு மறைப்பது என்று, "முதலில் கையால் தடவிப் பார்ப்பேன்" என்றேன்.

"ம்" என்றார். அது நல்ல 'ம்'மா, கெட்ட 'ம்'மா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"காலை ஆறு மணிக்கு உங்களால் வர முடியாது. அது முடிந்த விஷயம். ஒப்பந்தப்படி நான் இங்கேயே போனை வைத்துவிடலாம்."

"ஆமாம்."

"மதிய ஷிப்ட்டில் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு மணிக்குத் தொடக்கம். ஒரு மணி இருபதுக்கு இங்கே வந்து சேருகிற பஸ் உண்டு." மறுபடி தட்டினார். "ஆனால் ஷிப்ட் முடிவது பத்து மணி. கடைசிப் பஸ் ஏழரைக்கே போய்விடும். திரும்பிப் போக வழி கிடையாது. நவம்பரில் இங்கே பனி விழ ஆரம்பித்துவிடும். புரிகிறதா?"

"புரிகிறது. திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அங்கே இருப்பேன்."

"வருவதை நான் கேட்கவில்லை. எப்படித் திரும்பிப் போவீர்கள் என்று கேட்கிறேன்."

"தெரியவில்லை" என்றேன். "என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் அதைத் தட்டி எழுதிக்கொள்கிற சத்தம் கேட்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.